மனோகரனுக்கு ராஜகளை வேண்டுமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

போன சனிக்கிழமை ராயபுரத்தில் ‘மனோகரா’ நாடகம் பார்த்தேன். நீங்களும் வந்திருந்தீர்கள். கூட்டத்தில் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். நம் ஏரியா பிள்ளைகள் அவ்வளவு பழைய நாடகத்தை எடுத்துப் போட்டது சந்தோஷம்தான். ஆனால் வேடப் பொருத்தம் என்று ஒன்று வேண்டாமா? இளவரசன் மனோகரனாக வந்தவர் ஒல்லி, குள்ளம். காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். முகத்தில் ராஜகளையே இல்லை. அவன் அம்மா பத்மாவதியாக நடித்த பெண் அவரைவிடச் சின்னவர். ராஜாவை மயக்குகிற வசந்தசேனை ஒருவர்தான் பார்க்க லட்சணமாக, வேடத்துக்கு ஏற்றவராக இருந்தார். படத்தில் சிவாஜியையும் கண்ணாம்பாவையும் பார்த்த கண்ணுக்கு மற்ற எதுவும் ஒட்டவில்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் சொன்னதில் ஒன்று சரி, ஒன்று தவறு, ஒன்று எனக்கு வலித்தது. வலித்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ராஜகளை என்கிறீர்களே, நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் கர்ணனும் துரியோதனனும் யார்? பகலில் மூட்டை தூக்கியவர், வண்டி ஓட்டியவர். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தால் ராஜாதான். விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற யாரும் அவர் என்ன வேலைக்குப் போகிறார் என்று கேட்டதில்லை. காசிமேட்டுப் பையனுக்கு மட்டும் அந்தக் கேள்வி ஏன் வர வேண்டும்?

உங்கள் கண்ணில் இருப்பது 1954-ல் வந்த படம். அது மகத்தான நடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் நாடகம் அதற்கும் அறுபது வருஷம் மூத்தது. பம்மல் சம்பந்த முதலியார் அதை எழுதியபோது அவருக்கு இருபத்திரண்டு வயதுதான். பின்னாளில் நீதிபதி ஆனவர். 1891-ல் அவர் தொடங்கிய சுகுண விலாச சபையில் நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர்; படித்து, வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஆசைக்காக நடித்தவர்கள். பெண் வேடங்களையும் ஆண்களே போட்டார்கள். ரங்கவடிவேலு என்பவர் அப்படிப் பேர் வாங்கியவர். தோற்றம்தான் பொருத்தம் என்றால் அந்த நாடகம் அன்றைக்கே நின்றுபோயிருக்கும்.

அப்புறம் கே.பி. சுந்தராம்பாள். 1935-ல் வந்த படத்தில் நந்தனாராக நடித்தவர் அவர்தான். ஒரு பெண், ஆண் பக்தராக. டி.கே. சண்முகம் இளைஞராக இருந்தபோதே மேடையில் அவ்வைக் கிழவியானார். கடைசிவரை ‘அவ்வை’ என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மைக் இல்லாத காலத்தில் நாடகக் கம்பெனிகள் ராஜபார்ட்டுக்கு, அதாவது ராஜா வேடத்துக்கு, முதலில் பார்த்தது கடைசி வரிசைவரை போகிற குரலைத்தான். வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடைக் கொட்டகை நாடகங்களைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். யார் உயரம் என்று சொல்ல மாட்டார்கள், யார் எப்படிப் பாடினார் என்றுதான் சொல்வார்கள்.

மனோகரனுக்கு என்ன வேண்டும்? அவனிடம் பலம் இருக்கிறது, கோபம் இருக்கிறது. அம்மாவிடம் கொடுத்த வாக்கு கட்டிப்போட்டிருக்கிறது. அந்த நாடகமே ஒருவன் அடக்கிக்கொண்டு நிற்பதுதான். திமிறுவது எல்லாருக்கும் வரும், அடங்கி நிற்பது வராது. சங்கிலியோடு அந்தப் பையன் நின்றாரே, நீங்கள் முகத்தைப் பார்த்தீர்கள், நான் கையைப் பார்த்தேன். விரல் மடங்குகிறது, பிரிகிறது, மறுபடி மடங்குகிறது. வசனமே இல்லை. ஒரு இடத்தில் ‘தாயே’ என்று சொல்ல வேண்டியவர் வாய் தவறி ‘எம்மா’ என்றார். எனக்குப் பின்னால் இருந்த பெண்கள் அதுவரை பேசிக்கொண்டிருந்தார்கள். சட்டென்று நிறுத்திவிட்டார்கள். அந்த நிமிஷம் ராயபுரத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளை அங்கே நின்றான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தொண்டை அடைத்தது.

வசந்தசேனை விஷயத்தில் நீங்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை. அழகுதான், நடையும் நன்றாக இருந்தது. ஆனால் மேடைக்கு வந்த உடனே புருவத்தைத் தூக்கி, உதட்டைக் கோணி, ‘நான் கெட்டவள்’ என்று நமக்குச் சொல்லிவிட்டார். அப்படியானால் ராஜா வெறும் முட்டாள்தானே? அவள் பேச்சில் ராஜா மயங்குவது நியாயம் என்று ஒரு நிமிஷமாவது நமக்கும் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் பத்மாவதி படுகிற பாட்டுக்கு எடையே இல்லை. அன்று மேடையில் இருந்தவர்களில் வேடத்துக்கு மிகவும் தள்ளி நின்றவர் அவர்தான் என்பேன்.

பத்மாவதி ஒட்டவில்லை என்றீர்கள். அது சரி. ஆனால் காரணம் வயதில்லை. முதல் காட்சியிலிருந்தே அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தார். அழுதுகொண்டே கட்டளை போட்டால் மகன் இரக்கப்படுவான், கட்டுப்பட மாட்டான். படத்தில் ‘பொறுத்தது போதும், பொங்கி எழு’ என்று கண்ணாம்பா சொல்லும்போது அந்த வார்த்தைக்கு அவ்வளவு வலு எங்கிருந்து வந்தது? அதுவரை அந்தத் தாய் பொறுத்திருந்ததைப் பார்த்தோம், அதிலிருந்து. இங்கே கண்ணீர் முன்னாலேயே தீர்ந்துபோய்விட்டது.

நாடகம் முடிந்ததும் பின்பக்கம் போய் இதைச் சொன்னேன். அந்தப் பெண் பவுடர்கூடத் துடைக்காமல் நின்று கேட்டார். “அப்ப எந்த எடத்துல அழலாம் சார்?” என்றார். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து வசனத்தாளில் தேடினோம். ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது. பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் வியாசர்பாடியில் மறுபடி போடுகிறார்கள். வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். அந்தக் கோடு எங்கே என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்