சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் நிற்காமல் பறந்தால் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். புவியின் வளைவை ஒட்டி அளந்தால் மிகக் குறுகிய தொலைவு ஏறக்குறைய 15,350 கிலோமீட்டர். நேரடி விமானம் பொதுவாக 18 முதல் 19 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

இரு நகரங்களின் தீர்க்கரேகைகளும் ஏறத்தாழ 178 பாகை விலகியிருப்பதால், அந்தக் குறுகிய கோடு வட துருவத்தை ஒட்டியே செல்கிறது. தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்ப்பவருக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றலாம். இருப்பினும் விமானங்கள் எப்போதும் அக்கோட்டிலேயே பறப்பதில்லை. வானின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டம் பின்னிருந்து தள்ளுமானால், தொலைவு கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும் என்பதால், போகும்போது பசிபிக் பெருங்கடலையும் திரும்பும்போது அட்லாண்டிக்கையும் கடந்து, இரு முறையும் கிழக்கு நோக்கியே பறப்பதுண்டு.

கடிகாரம்தான் பயணிகளை அதிகம் குழப்புகிறது. நியூயார்க் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்தங்கியிருப்பதால், சிங்கப்பூரில் நள்ளிரவு கடந்து புறப்படுபவர் அதே தேதியின் காலையில் அங்கே இறங்குவார். நியூயார்க்கில் நள்ளிரவுக்குச் சற்று முன் விமானம் ஏறித் திரும்புபவரோ தேதிக் கணக்கில் இரண்டு நாள் கழித்தே சிங்கப்பூர் சேர்வார்.