செடிகொடி கேள்வி–பதில்: துவண்டுபோன ஜேட் செடி

கேள்வி: பொங்கலுக்குத் தோழி பரிசாகக் கொடுத்த ஜேட் செடியை வரவேற்பறையில் அழகான பீங்கான் தொட்டி ஒன்றில் வைத்து வளர்த்து வருகிறேன். ஆறு மாதம் நன்றாக இருந்தது. இப்போது கிளைகள் தொங்கிவிட்டன. இலைகள் சுருங்கி, தொட்டாலே உதிர்கின்றன. வாடுகிறதே என்று தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறேன். நிலைமை மேலும் மோசமாகிறது. உரம் போட்டால் பிழைக்குமா?
— வாசகி, தாம்பரம்

பதில்: உரம் வேண்டாம், இன்றைய ஒரு டம்ளர் தண்ணீரும் வேண்டாம். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்ப்பதற்கு முன் வேறு எந்த வைத்தியமும் செய்யாதீர்கள்.

சதைப்பற்றுள்ள செடிகளில் நம்மை ஏமாற்றுவது இந்தச் சுருக்கம்தான். தண்ணீர் போதாத ஜேட் செடியின் இலை மெலிந்து, சுருங்கி, வளையும். தண்ணீர் மிகுந்தால் இலை மஞ்சளாகி, கண்ணாடி போல் ஒளி ஊடுருவ, கொழகொழவென்று ஆகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் முழுமையானதல்ல. மண் நெடுநாள் ஈரமாகவே இருந்து வேர் அழுகிவிட்டால், ஈரத்தின் நடுவே நின்றாலும் செடியால் அதை உறிஞ்ச முடியாது. ஆகவே இலை தாகத்தில் சுருங்குவது போலவே சுருங்கும். நாமும் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றுவோம். மண் ஈரமாக இருந்தும் இலை சுருங்கியிருந்தால், பழுது வேரில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். தினமும் தண்ணீர் பெறும் உங்கள் செடிக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். பரிசாக வரும் பீங்கான் தொட்டிகள் பலவற்றின் அடியில் துளையே இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

இந்தச் செடி தென்னாப்பிரிக்காவின் வறண்ட மலைச்சரிவுகளைச் சேர்ந்தது. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும்போது தண்ணீரையும் ஆவியாக இழக்கின்றன; இது வெயில் தாழ்ந்த பிறகு, இரவில் திறக்கிறது. இரவில் வாங்கும் கரியமில வாயுவை அமிலமாகச் சேமித்து வைத்துக்கொண்டு, பகலில் துளைகளை மூடியபடியே வெளிச்சத்தைக் கொண்டு உணவாக்குகிறது. இந்த வழக்கத்துக்குச் சான்றாக இன்றும் காட்டப்படும் பழைய குறிப்பு ஒன்று இந்தியாவிலிருந்து எழுதப்பட்டது: இதே குடும்பத்தைச் சேர்ந்த ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதைச் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஹைன் என்னும் தாவரவியலாளர் மென்று பார்த்து எழுதினார், அது 1815இல் லண்டனில் அச்சானது. (நீங்கள் ஜேட் இலையை மென்று பார்க்க வேண்டாம்.) இவ்வளவு சிக்கனமாகத் தண்ணீரைச் செலவிடும் செடிக்குத் தினமும் ஒரு டம்ளர் என்பது மிகப் பெரிய அளவு.

இனிச் செய்ய வேண்டியது. தொட்டியைச் சாய்த்து, தண்டைப் பிடித்து இழுக்காமல், மண்ணோடு சேர்த்துச் செடியை வெளியே எடுங்கள். மண்ணை விரலால் உதிர்த்து, வேரை நசுக்கிப் பாருங்கள். வெளிறிய நிறத்தில் உறுதியாக இருப்பவை நல்ல வேர்கள்; கறுத்து, நசுங்கி, மேல்தோல் மட்டும் கையோடு உருவிக்கொண்டு வருபவையும் நாற்றமடிப்பவையும் அழுகியவை. அவற்றை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் தயங்காமல் நறுக்கிவிடுங்கள். பிறகு செடியைத் தண்ணீரில் அலசாமல், நிழலில் காற்றோட்டமான இடத்தில் ஒரு செய்தித்தாளின் மேல் நான்கைந்து நாள் கிடத்தி வையுங்கள். அப்படிக் கிடத்த மனம் ஒப்பாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வெட்டுக்காயம் காய்ந்து ஆறாமல் ஈரமண்ணில் வைத்தால் மீண்டும் அழுகும். இலைகளில் உள்ள நீர் அதுவரை செடியைத் தாங்கும்.

அழுகல் தண்டுக்குள் ஏறியிருந்தால், தண்டின் அடிப்பகுதி மெத்தென்று அமுங்கும். அப்போது வேரைக் காப்பாற்றும் ஆசையை விட்டுவிட்டு, மேலே உறுதியாக இருக்கும் கிளைகளை வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால், அது மறையும்வரை இன்னும் சற்று மேலே ஏறி வெட்டுங்கள். அந்தக் கிளைகளையும் அதேபோல் உலர்த்தி நட்டால், சில வாரங்களில் புதிய வேர் விடும்.

மீண்டும் நடுவதற்கு, அடியில் துளையுள்ள சாதாரண மண்தொட்டியே சிறந்தது; அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். வேர்த்தொகுதியைவிட ஓரிரு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். தோட்டமண் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுஉரம் அரைப் பங்கு, தூசு போகக் கழுவிய பருமணலும் உடைத்த செங்கல் துண்டுகளும் சேர்ந்து ஒன்றரைப் பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். தென்னைநார்க் கழிவு ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைக்கும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அந்தக் கல்லடுக்குக்கு மேலேயே மண்ணில் ஈரம் தேங்கி நிற்கும். நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதன் பின் ஒரு தென்னை ஈர்க்கை அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டாமல் வந்தால் துளை வழியே வடியும் அளவு ஊற்றுங்கள், ஒட்டினால் பொறுங்கள். கோடையில் இது பத்து நாளுக்கு ஒரு முறையாக அமையலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று வாரம்கூடத் தள்ளிப்போகலாம். நாள் கணக்கை நம்பாமல் ஈர்க்கை நம்புங்கள். உரத்தைப் புதிய தளிர் வந்த பிறகு யோசிக்கலாம்.

கேள்வி: எங்கள் ஜேட் செடியின் இலைகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் தண்டு நூலாக நீண்டு ஒரு பக்கமாகச் சாய்கிறது. கழி நட்டுக் கட்டலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கட்டலாம், ஆனால் காரணம் அப்படியே இருக்கும். வெளிச்சம் போதாமல் அது சன்னலைத் தேடி நீள்கிறது. நீண்ட தண்டு மீண்டும் குறுகாது. ஆகவே கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே பக்கக்கிளைகள் கிளைக்கும். பின்பு காலை வெயில் படும் கிழக்குச் சன்னலுக்கு மாற்றுங்கள். ஒரே நாளில் மொட்டைமாடி வெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். இலையில் பழுப்புத் தழும்பு விழும், அது ஆறாது. நாளுக்கு அரைமணி நேரமாகக் கூட்டி, இரண்டு வாரத்தில் பழக்குங்கள்.

கேள்வி: நர்சரியில் ஜேட் என்று சொல்லிக் கொடுத்த செடியின் இலை மிகச் சிறியதாகவும், தண்டு செம்பழுப்பாகவும் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பாதி இலைகள் கொட்டிவிட்டன. ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகி, மதுரை

பதில்: ஏமாற்றவில்லை, நம் ஊர் நர்சரிகளில் அதையும் ஜேட் என்றே விற்கிறார்கள். அது போர்ச்சுலக்கேரியா. அதுவும் தென்னாப்பிரிக்கச் செடியே என்றாலும் குடும்பம் வேறு. தன் ஊரில் யானைகள் விரும்பித் தின்னும் செடி அது. இடம் மாறும்போது இலையைக் கொட்டுவது அதற்கு வழக்கம். தண்டு உறுதியாக இருந்தால் தொட்டியை மாற்றாமல், நல்ல வெயிலில் வைத்து, மண் காய்ந்த பின் மட்டும் தண்ணீர் கொடுத்து ஒரு மாதம் காத்திருங்கள். கணுக்களில் பஞ்சுபோல் வெள்ளையாக ஏதேனும் ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுங்கள்.