நிஜ ஆம்ப் என்று சொல்லி இரண்டு மடங்கு கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: வீட்டிலேயே பாடல் அமைக்கிறேன். டிரம்ஸ், பேஸ், கீபோர்டு எல்லாம் கணினியில் முடித்துவிட்டேன். எலெக்ட்ரிக் கிட்டார் மட்டும் பொம்மை போல ஒலிக்கிறது. இணையம் வழியாக வாசித்து அனுப்பும் கிட்டார் கலைஞர் ஒருவர், தான் மென்பொருளைத் தொடுவதில்லை, வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு மைக் வைத்தே பதிவு செய்வதாகச் சொல்லி, மற்றவரைவிட இரண்டு மடங்கு கேட்கிறார். அவர் சொல்வது உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் அவருக்கு என்னென்ன அனுப்ப வேண்டும்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஆம்ப்புக்காக மட்டும் இரண்டு மடங்கு என்றால் வேண்டாம். அவருடைய வாசிப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால் யோசிக்கலாம். உங்கள் கிட்டார் பொம்மை போல ஒலிப்பதற்கு ஆம்ப் இல்லாதது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. கீபோர்டில் தட்டி எழுப்பிய கிட்டாரில் மீட்டலின் ஏற்ற இறக்கமும், கம்பியை இழுக்கும் விரலின் தயக்கமும் வராது. அதைத் தருவது மனிதக் கை. நல்ல கை வாசித்ததை ஆம்ப்பின் ஒலியை மென்பொருளால் போலச் செய்யும் இன்றைய தரமான மாடலிங் கருவி வழியாகப் பதிவு செய்து, டிரம்ஸும் குரலும் சேர்ந்த முழுப் பாடலில் வைத்தால், பழகிய காதுகள்கூடப் பல நேரம் ஏமாறும்.

அப்படியானால் நிஜ ஆம்ப் எதற்கு? வாசிப்பவருக்காக. வால்வு ஆம்ப் ஓரளவு சத்தமாக வேலை செய்யும்போது, மெதுவாக மீட்டினால் ஒலி தெளிவாக இருக்கும், அழுத்தி மீட்டினால் கரகரக்கும். அதைக் கேட்டபடியே அவர் கை மாறுகிறது, கிட்டாரின் வால்யூம் திருகைக் கொஞ்சம் குறைக்கிறார், ஒரு சுரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறார். 22 வாட் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப், 30 வாட் வாக்ஸ் ஏசி30 போன்றவற்றை இத்தனை காலம் கழித்தும் ஸ்டுடியோக்காரர்கள் விடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். இடையிசையில் தனித்து நின்று பாடுகிற லீட் என்றால் இது கேட்கும். சரணத்தின் பின்னால் சன்னமாக வெட்டி வெட்டி வரும் ரிதம் என்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

இனி உண்மையா என்ற கேள்வி. ஆம்ப், அதன் ஸ்பீக்கர், முன்னால் மைக் என்பது முழுச் சங்கிலி. ஆனால் 22 வாட் வால்வு ஆம்ப்பைத் திறந்துவிட்டால் அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டார் கதவைத் தட்டுவார்கள். அதனால் பலர் ஆம்ப்பை ஸ்பீக்கருக்குப் பதிலாக லோடு பாக்ஸில் (ஆம்ப்பின் மின்சக்தியைச் சத்தமின்றி வாங்கிக்கொள்ளும் பெட்டி) இணைத்து, ஸ்பீக்கர், மைக்கின் குணத்தை மட்டும் மென்பொருளில் சேர்க்கிறார்கள். இதுவும் நல்ல முறைதான், ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கு முழுச் சங்கிலியின் கட்டணம் கேட்டால் நீங்கள் பேரம் பேசலாம்.

எந்த ஸ்பீக்கர், எந்த மைக், எங்கே வைத்தீர்கள் என்று கேளுங்கள். உண்மையில் செய்பவர் யோசிக்காமல் பதில் சொல்வார்: ஷூர் எஸ்எம்57, ஸ்பீக்கரை மூடிய துணிக்கு மிக அருகில், கூம்பின் நடுவிலிருந்து சற்று விலக்கி, என்பது போல. நடுவுக்கு நேராக வைத்தால் ஒலி கூர்மையாகும், ஓரத்துக்குப் போகப் போக மென்மையாகும். அடுத்து, உங்கள் பாடலிலேயே ஒரு சிறு பகுதியை வாசித்து, முன்பின் அமைதியை வெட்டாமல் அனுப்பச் சொல்லுங்கள். மின்சார முனகலும் ஆம்ப்பின் இரைச்சலும் அதில் இருக்க வேண்டும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அந்த முனகல் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. இதையும் போலியாகச் சேர்க்க முடியும் என்பதால் முடிவான சான்று அல்ல. ஆனால் துடைத்துவிட்டது போன்ற மௌனம் இருந்தால் காரணம் கேளுங்கள்.

இதைவிட முக்கியம் டி.ஐ. டிராக். கிட்டாரிலிருந்து வரும் ஒலியை ஆம்ப்புக்குப் போகும் முன்பே பிரித்து, அதே நேரத்தில் பதிவு செய்யும் வெறும் டிராக் இது. ஆம்ப்பில் பதிவான கரகரப்பை மிக்ஸிங்கில் குறைக்க வழியில்லை. டி.ஐ. கையில் இருந்தால் அதே வாசிப்பை வேறொரு ஆம்ப்பிலோ, ஆம்ப்பைப் போலச் செய்யும் பிளக்-இன் மென்பொருளிலோ மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். இதைத் தர மறுப்பவரிடம் நான் வேலை கொடுக்க மாட்டேன். இரண்டு மைக் வைத்தால் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். மைக்குகளின் தூரத்தில் 17 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே, இரண்டும் சேரும்போது 1000 ஹெர்ட்ஸ் பகுதி அடிபட்டு ஒலி மெலிந்துவிடும். மோனோவில் கேட்டால் உடனே பிடிபடும்.

நீங்கள் அனுப்ப வேண்டியவை: 24 பிட் வேவ் கோப்பாகக் கிட்டார் இல்லாத பாடல், தனியாகக் கிளிக் (தாளத்தைத் தட்டிக் காட்டும் ஒலி), டெம்போ எண், உங்கள் மாதிரிக் கிட்டார் இருந்தால் அது தனி டிராக்காக. எம்பி3 வேண்டாம். அதன் தொடக்கத்தில் சிறு வெற்றிடம் சேர்ந்துவிடும், பிறகு தாளம் நழுவுகிறது என்று அவரைக் குறை சொல்வீர்கள். சாம்பிள் ரேட்டை (ஒரு விநாடியில் ஒலியை எத்தனை முறை அளந்து பதிகிறது என்ற எண்) எழுதியே அனுப்புங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் கோப்பு தவறுதலாக 44.1-இல் ஓடினால் வேகம் குறைவதோடு, சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கும்.

கலைஞர் வெளிநாட்டவர் என்றால் ஐந்து கட்டை என்று எழுதிப் பயனில்லை, ஜி என்று எழுதுங்கள். ராகத்தின் பெயரும் போதாது. மோகனத்தின் சுரங்கள் அவருக்கு மேஜர் பென்டடானிக்காகத் தெரியும், சரியாகவே வாசிப்பார். ஆனால் பழக்கத்தில் ப்ளூஸ் பாணியில் அந்த ராகத்தில் இல்லாத சாதாரண காந்தாரத்திலிருந்து, அதில் உள்ள அந்தர காந்தாரத்துக்குக் கம்பியை இழுத்துவிட்டால் மோகனம் போய்விடும். எந்தச் சுரத்தை எங்கிருந்து தொட வேண்டும் என்று நீங்களே பாடி, கைபேசியில் பதிவு செய்து அனுப்புங்கள். பத்து வரி விளக்கத்தைவிட அது பயன்படும். ரிவர்ப், டிலே போன்ற எதிரொலி விளைவுகள் வேண்டாம், நான் பிறகு சேர்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிடுங்கள்.

பணம் பேசும்போது எத்தனை திருத்தங்கள் கட்டணத்தில் அடங்கும் என்று கேளுங்கள். அவருடைய பிழையைத் திருத்துவதும், நீங்கள் மனம் மாறி வேறு மெட்டுக் கேட்பதும் ஒன்றல்ல. இடம், வலம் என இரண்டு ரிதம் கேட்டால் இரண்டு முறை வாசித்திருக்க வேண்டும். ஒன்றையே நகலெடுத்தால் சத்தம் கூடுமே தவிர அகலம் வராது.

உரிமையை எழுத்தில் வாங்குங்கள். உரிமை ஒப்படைப்பில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு கொள்கிறது. பாடல் உலகம் முழுக்க ஒலிபரப்பாகும் தளங்களுக்குப் போகும் என்றால் இரண்டையும் தெளிவாக எழுத வேண்டும்.

மீதிப் பணத்தை அனுப்பும் முன், வந்த கோப்புகளைப் புதிய செஷனில் முதல் புள்ளியிலிருந்து வைத்துப் பாருங்கள். எதையும் நகர்த்தாமலே எல்லாம் கிளிக்கோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், பாடலின் தொடக்கத்திலிருந்தே முழு நீளமாக மறுபடி ஏற்றுமதி செய்து அனுப்பச் சொல்லுங்கள்.