வாத்துக்குஞ்சு நடக்கத் திணறினால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: மூன்று வாரமான வாத்துக்குஞ்சு ஒன்றை வீட்டில் வளர்க்கிறோம். நான்கு நாளாக நொண்டுகிறது. இரண்டு அடி வைத்ததும் உட்கார்ந்துவிடுகிறது. கால்கள் லேசாக வளைந்த மாதிரி தெரிகின்றன. சாப்பாட்டில் குறையில்லை. கோழிக்குஞ்சுத் தீவனம் வைக்கிறோம், நடுநடுவே ரொட்டித் துண்டுகளும் போடுகிறோம். டைல்ஸ் தரையில் செய்தித்தாள் விரித்து விட்டிருக்கிறோம். கால் ஒடிந்திருக்குமா? வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: ஒடிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஒடிந்த காலைக் குஞ்சு தரையில் ஊன்றவே ஊன்றாது. தூக்கியோ இழுத்தோதான் வைத்திருக்கும், அதுவும் ஒரு காலாகத்தான் இருக்கும். இரண்டு கால்களும் வளைகின்றன, பசி குறையவில்லை, கோழித் தீவனம் தின்கிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் நயாசின் பற்றாக்குறை மேல்தான். வைட்டமின் பி3 என்பது இதையே.

வாத்துக்குஞ்சின் தீவனத்தில் கிலோவுக்கு சுமார் 55 மில்லிகிராம் நயாசின் இருக்க வேண்டும். கோழிக்குஞ்சுக்கு இதைவிடக் கணிசமாகக் குறைவாகவே போதும். கோழிகள் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஓரளவு நயாசினைத் தாமே தயாரித்துக்கொள்ளும். வாத்துகளுக்கு அந்தத் திறன் குறைவு. போதாததற்கு, மக்காச்சோளம் போன்ற தானியங்களில் உள்ள நயாசினில் பெரும்பகுதி உடலில் சேராத வடிவத்தில் இருக்கிறது. அதனால் கோழிக்குஞ்சு கொழுகொழுவென்று வளரும் அதே தீவனத்தில் வாத்துக்குஞ்சின் கால் வளையும், மூட்டு தடிக்கும், நடக்கவே யோசிக்கும். உங்கள் தீவனம் கெட்டது என்று சொல்லவில்லை. அது வேறு பறவைக்கானது, அவ்வளவுதான். ரொட்டியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வயிற்றை நிரப்பி, சத்துள்ள தீவனத்துக்கு இடமில்லாமல் செய்வதுதான் அதன் வேலை.

ஆனால் வைட்டமினைத் தொடங்குவதற்கு முன் ஒரு பரிசோதனை இருக்கிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது. குஞ்சை மெல்லிய துண்டில் சுற்றி, உடலுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்குங்கள். காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். வாத்தின் கால் அந்தப் பாரத்தைத் தாங்காது. இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பின்பக்கமாக மடங்கும் மூட்டை எல்லோரும் முழங்கால் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது குதிகால் மூட்டு. முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. இந்தக் குதிகால் மூட்டின் பின்புறம் ஒரு தடித்த தசைநார், கப்பியில் கயிறு ஓடுவதுபோல நடுப்பள்ளத்தில் ஓட வேண்டும். விரலால் மெதுவாகத் தடவினால் தெரியும். அது பள்ளத்தைவிட்டு ஒரு பக்கமாக நழுவி, மூட்டு தட்டையாகவோ வீங்கியோ, பாதம் வெளிப்பக்கம் திரும்பியோ இருந்தால், அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். நாள் போகப் போக தசைநார் பழைய இடத்தில் நிற்காது, காலும் நிரந்தரமாகத் திருகிவிடும். வீடியோ பார்த்து நீங்களே தள்ளிப் பொருத்த முயல வேண்டாம். மாங்கனீசு, கோலின், பயோட்டின் ஆகிய சத்துகள் குறைந்தாலும் இப்படி நழுவும்.

அதே சமயத்தில் மூட்டு சூடாக இருக்கிறதா, ஒன்று மட்டும் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். பாதத்தின் அடியில் கறுப்பாகப் பொருக்குக் கட்டியிருந்தால் அதுவும் தொற்றுதான். கீறிப் பிதுக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதெல்லாம் இல்லையா? சரி, நயாசினைத் தொடங்கலாம். சுலபமான வழி ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூள். ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் உயிருள்ள ஈஸ்ட் வேறு, அதைக் கொடுக்காதீர்கள். ஒரு கப் தீவனத்துக்கு ஒன்றரை மேசைக்கரண்டி தூள் போட்டு, தீவனத்தை லேசாக ஈரமாக்கிக் கலந்தால் தூள் அடியில் தங்காது. ஏற்கெனவே நடக்கத் திணறும் குஞ்சுக்கு இதோடு தண்ணீரிலும் கலந்து கொடுப்பது நல்லது: சுமார் 4 லிட்டருக்கு 500 மில்லிகிராம் நயாசின். மாத்திரையானால் பொடித்துக் கரையுங்கள். மெதுவாகக் கரையும் வகையும், ‘முகம் சிவக்காது’ என்று விற்கும் வகையும் இதற்கு உதவாது. வேறு மருந்து எதுவும் சேராத சாதாரண நயாசினோ, அதன் இன்னொரு வடிவமான நிகோடினமைடோதான் வேண்டும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். பெரும்பாலும் சில நாட்களிலேயே நடையில் தெம்பு தெரியும். ஏற்கெனவே வளைந்துவிட்ட எலும்பு முழுதாக நிமிராமல் போகலாம், அதனால்தான் இன்றே தொடங்கச் சொல்கிறேன். கால் சரியானதும் தண்ணீர் மருந்தை நிறுத்திவிடலாம். ஈஸ்ட்டை வளர்ச்சி முடியும்வரை தொடருங்கள்.

தீவனப் பையில் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். முட்டைக் கோழிக்கான லேயர் தீவனமாக இருந்தால் உடனே மாற்றுங்கள். அதில் கால்சியம் 3.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும், குஞ்சுக்கு 1 சதவீதம் அளவே போதும். மிஞ்சுவது சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும். இரத்தக் கழிச்சலுக்கான மருந்து கலந்த தீவனமா என்றும் பாருங்கள். மோனென்சின், சாலினோமைசின் போன்றவை அளவு மிஞ்சினால் தசைகளைப் பாதித்து கால்களைத் துவளவைக்கும். அலகு ரப்பர் மாதிரி வளைந்தால் வைட்டமின் டி3 அல்லது கால்சியம், பாஸ்பரஸ் குறைபாடு. கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்குப் பயன்படாது; நிழலும் பக்கத்தில் இருக்கும்படி வெளியே விட வேண்டும்.

அப்புறம் அந்தச் செய்தித்தாள். டைல்ஸ் மேல் காகிதம் என்றால் குஞ்சுக்கு ஒவ்வொரு அடியும் வழுக்கல்தான். பிடிமானமுள்ள ரப்பர் மேட்டோ, தடித்த துண்டோ விரித்து, ஈரமானதும் மாற்றுங்கள். முதல் வாரத்தில் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துபோகும் குஞ்சுகளுக்கு, இடுப்பளவு இடைவெளிவிட்டு மென்மையான பேண்டேஜால் இரண்டு கால்களையும் இணைத்துக் கட்டினால் சில நாளில் நேராகிவிடும். மூன்று வாரத்தில் அது அவ்வளவாகப் பலிக்காது. உங்கள் குஞ்சுக்கு அந்தப் பிரச்சினை இருப்பதாகவும் தோன்றவில்லை.

தண்ணீரில் விடுவது நல்ல பயிற்சி. உடல் பாரம் இறங்குவதால் வலியில்லாமல் காலை அசைக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பாதம் அடியில் படாத ஆழம், ஒரு பத்து நிமிடம், பக்கத்திலேயே நீங்கள். தாயில்லாமல் வளரும் குஞ்சின் மென்தூவி தண்ணீரில் சீக்கிரம் ஊறிவிடும், வாத்துதானே என்று விட்டுவிட்டுப் போனால் விறைத்து மூழ்கக்கூடும். வெளியே எடுத்ததும் துடைத்து நன்றாகக் காயும்வரை கதகதப்பில் வையுங்கள். தீவனமும் தண்ணீரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்ட வேண்டும்; தண்ணீர்க் கிண்ணம் மூக்குத்துளை முங்கும் ஆழமாவது இருக்கட்டும்.

மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். தலை நடுங்கினால், கழுத்து பின்னால் வளைந்தால் அல்லது தொங்கினால், கண்ணிலிருந்து நீர் வடிந்தால், பச்சையாகக் கழிந்தால், தீனியை ஒதுக்கினால் இது காலோடு நிற்கும் விஷயமல்ல, உடனே மருத்துவரிடம் போங்கள். காலில் தொடங்கி இறக்கை, கழுத்து என்று மேலேறும் தளர்ச்சி, அழுகல் கலந்த தேங்கிய தண்ணீரால் வரும் பொட்டுலிசம் என்ற நச்சு நோயாக இருக்கலாம். அதில் மணிநேரம்கூட முக்கியம்.

எதுவும் இல்லாமல், ஒரு வாரம் நயாசின் கொடுத்தும் மாற்றமில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். பறவைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவராகத் தேடுங்கள். போகும்போது குஞ்சு நடப்பதை ஒரு வீடியோவும், தீவனப் பையின் லேபிளை ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் வைத்ததும் குஞ்சு பயத்தில் நடக்காது, மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியோ தீவனத்தைப் பற்றித்தான் இருக்கும்.