வேலை கிடைக்கிற படிப்பும் ஆறு லட்ச ரூபாய்க் கடனும்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

பள்ளிபாளையம் பக்கம் எட்டுத் தறி வைத்துக் கூலி நெசவு ஓட்டுகிறேன். எங்கள் பாப்பாவுக்கு இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-க்கு 176. கம்ப்யூட்டர் எடு என்று ஒரு மாதமாகச் சொல்கிறேன். சிவில்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். பெண்பிள்ளை சாரத்துக்கு அடியில் வெயிலில் நிற்கிற வேலையா அது? என் அண்ணன் மகன் கம்ப்யூட்டர் படித்து பெங்களூரில் இருக்கிறான், இங்கே வீடே கட்டிவிட்டான். எதிர்வீட்டுப் பையன் சிவில் முடித்துவிட்டு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறான். இதைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

கவுன்சிலிங்கில் இந்த மார்க்குக்கு நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் கிடைக்காது என்றார்கள். அதனால் தெரிந்தவர் மூலமாக ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் பேசி 50,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். ஹாஸ்டலோடு நாலு வருஷத்துக்குப் பத்து லட்சம் ஆகும். அவளுக்காகத்தானே செய்கிறேன்? அவள் அம்மாவோ, "படிக்கப்போறது அவதானே" என்று அவள் பக்கமே பேசுகிறாள். நான் பத்தாவது தாண்டாதவன், எனக்கு ஒன்றும் தெரியாது என்று இரண்டு பேருக்கும் நினைப்பு.

சிவிலுக்கு வேலை எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். கம்ப்யூட்டர் என்றால் நாலாவது வருஷமே கையில் ஆர்டர். சொந்தமாக நூல் வாங்கி ஓட்டிப் பார்த்ததில் விழுந்த ஆறு லட்சம் நூற்றுக்கு மூன்று வட்டியில் நிற்கிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது, அது வேறு விஷயம். பிள்ளை நாலு காசு பார்க்கட்டும் என்று அப்பன் நினைப்பது தப்பா? விடிய விடியத் தூக்கமில்லை. சாய்ஸ் பட்டியலில் சிவிலை மட்டும் போட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. அவள் மனதை மாற்ற ஒரு வழி சொல்லுங்கள்.

— ஒரு தந்தை, நாமக்கல் மாவட்டம்

அன்புள்ள ஐயா,

‘அது வேறு விஷயம்’ என்று கடனை ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் பதில் எழுத வேண்டியது அந்த வரிக்குத்தான். கம்ப்யூட்டரா சிவிலா என்ற சண்டைக்கு அடியில் ஓடிக்கொண்டிருப்பது அந்தக் கடன்.

ஆறு லட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று என்றால் மாதம் 18,000 ரூபாய். பாப்பா படித்து முடிக்கிற நான்கு ஆண்டில் வட்டி மட்டும் 8,64,000. அசல் அசையாமல் நிற்கும். அதற்கு மேல் இந்தச் சீட்டுக்குப் பத்து லட்சம். அவளுக்குக் கடைசி ஆண்டிலேயே வேலை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதிதாகச் சேருபவர்களுக்குத் தருவது பத்து ஆண்டுக்கும் மேலாக வருடம் மூன்றரை லட்சத்தைச் சுற்றியே இருக்கிறது. பிடித்தம் போகக் கையில் 25,000 வந்தால், பெங்களூரில் தங்கிச் சாப்பிட்டு மிச்சம் எவ்வளவு அனுப்புவாள்? உங்கள் வட்டிக்கே காணாது. நீங்கள் நம்பியிருக்கிற கணக்கு கம்ப்யூட்டர் படித்தாலும் நேராகாது, ஐயா.

மகள் நான்கு காசு பார்க்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் அவளிடம் சொல்லாமலே உங்கள் கடனுக்கு அவளை ஜாமீன் ஆக்கியிருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் நான் பாப்பா பக்கம். அவளுக்குத் தெரிவதெல்லாம் அப்பாவின் பிடிவாதம் மட்டும்தான். அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் உங்கள் பயம் இருப்பது தெரியாததால், பதிலுக்குப் பிடிவாதம் பிடிக்கிறாள். தெரிந்திருந்தால் என்ன முடிவெடுத்திருப்பாள் என்று உங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

வேலைவாய்ப்பைப் பற்றியும் கொஞ்சம். இன்றைய சந்தையைப் பார்த்துச் சேருகிற பிள்ளை, நான்கு ஆண்டு கழிந்த சந்தையில்தான் வேலை தேடும். எல்லோரும் ஒரே துறைக்கு ஓடினால் வெளியே வரும்போது அங்கே கூட்டம் நிற்கும். கூட்டத்தைப் பார்த்து அடுத்த செட் வேறு பக்கம் ஓடும். பொறியாளர்களின் சம்பளம் இப்படி ஏறி இறங்குவதை ரிச்சர்ட் ஃப்ரீமேன் என்ற பொருளியலாளர் 1970-களிலேயே அமெரிக்கக் கணக்குகளை வைத்துக் காட்டினார். நம் கண் முன்னாலும் நடந்ததுதான். 2021-22-ல் ஐ.டி. நிறுவனங்கள் அள்ளி அள்ளி எடுத்தன. 2023-ல் புதியவர்களை எடுப்பது சுருங்கியது. ஆர்டர் கையில் இருந்தும் மாதக்கணக்கில் அழைப்புக்குக் காத்திருந்த பிள்ளைகள் உண்டு.

சிவிலையும் நான் தூக்கிவைத்துப் பேசமாட்டேன். தனியார் சைட்டில் தொடக்கச் சம்பளம் குறைவு, ஏறுவதும் மெதுவாக. அதைப் பாப்பா தெரிந்துகொண்டுதான் எடுக்க வேண்டும். ஆனால் வெயிலில் நிற்பது மட்டும் சிவில் இல்லை. கட்டட வடிவமைப்பு அலுவலகங்களில் ஸ்டாட், ஈடேப்ஸ் மென்பொருளில்தான் நாள் முழுக்க வேலை. பொதுப்பணி, நெடுஞ்சாலைத் துறைகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் தேர்வு இருக்கிறது, கேட் நுழைவுத் தேர்வு எழுதி மேலே படிக்கலாம். கடைசியில் ஐ.டி. பக்கமே போக நினைத்தாலும், பல பெரிய நிறுவனங்கள் கிளை பார்க்காமல் எடுக்கின்றன. அவர்கள் முதலில் பார்ப்பது 60 சதவீதமும் அரியர் நிலுவை இல்லாததும். பிடிக்காத பாடத்தில் உட்காரவைத்தால் பறிபோவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

முன்பணத்துக்கு வருவோம். ரசீது இருக்கிறதா? கல்விக் கட்டணமாக ரசீது போட்டிருந்தால், வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதி. எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கவும் கூடாது. ரசீது இல்லாத நன்கொடை என்றால் 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டுத் தடுத்த பணம் அது. திரும்பி வருவது கடினம். 50,000 போய்விட்டதே என்று மீதி ஒன்பதரை லட்சத்தையும் பின்னாலேயே அனுப்பாதீர்கள்.

கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் செலவு பல மடங்கு இறங்கும். குடும்பத்தில் பாப்பாதான் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழை இப்போதே வாங்கிவிடுங்கள், கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. பட்டியல் மேலிருந்து கீழாகத்தான் பார்க்கப்படும். மேலே எதைப் போட்டாலும் கீழே இருப்பதற்குப் பாதகமில்லை. அதனால் சிவிலும் கம்ப்யூட்டரும் ஒரே பட்டியலில் இருக்கலாம். வரிசை மட்டும் அவளுடையதாக இருக்கட்டும். வங்கிக் கல்விக் கடனில் பொதுவாக ஏழரை லட்சம் வரை அடமானம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை. ஆனால் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு உங்கள் வரவு செலவெல்லாம் வங்கி மேசைக்கு வரும். வங்கிக்காரர் வாயிலிருந்து உங்கள் மனைவி இதைக் கேட்கும்படி வைக்காதீர்கள்.

மனைவியிடம் மறைப்பதற்கே நீங்கள் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பேன். வீட்டில் நகை இருந்து, வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்தால் வட்டி பெரும்பாலும் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டித்தான் வரும். ஆறு லட்சத்தையும் அப்படி மாற்ற முடிந்தால் 18,000 சுமார் 6,000 ஆகும். பாதிதான் முடிந்தாலும் சுமார் 12,000-க்கு இறங்கும். அவருக்குத் தெரியாமல் இது எதுவும் நடக்காது.

தூக்கமில்லாத இரவுகளில் மனம் வேண்டாத பக்கம் போனால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

இன்றைக்குத் தறி நின்றதும் வட்டி நோட்டை எடுத்துக்கொண்டு முதலில் மனைவியிடம் உட்காருங்கள். அழுவார், திட்டுவார், இருந்து கேளுங்கள். நாளைக்கு இருவருமாகப் பாப்பாவிடம் சொல்லுங்கள். ‘இந்தக் கடன் எங்களுடையது, நீ அடைக்க வேண்டாம்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிட்டு, அப்புறம் கணக்கைக் காட்டுங்கள். சாய்ஸ் பட்டியலை அதற்குப் பிறகு அவள் போடட்டும்.