செல்ட்னம் ஸ்டேயர்ஸ் ஹர்டில்: முன்னணிக் குதிரைகளை எடைபோடுவது எப்படி?

கேள்வி: அப்பாவோடு கிண்டியில் ரேஸ் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது குளோஸ்டரில் வேலை. மார்ச் பிறந்தால் ஆபீஸில் செல்ட்னம் குதிரைப் பந்தயத் திருவிழா தவிர வேறு பேச்சே கிடையாது. வியாழக்கிழமை நடக்கும் ஸ்டேயர்ஸ் ஹர்டிலில் முன்னணியில் இருக்கும் நாலைந்து குதிரைகளைப் பற்றியும் ‘தூரம் தாங்கும்’ என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். எல்லாமே தாங்கும் என்றால் எதை வைத்துப் பிரிப்பது? கிண்டியில் டைமிங் பார்ப்போம். இங்கே அது உதவுமா?

பதில்: டைமிங் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அநேகமாக உதவாது. கிண்டியில் சமதளத்தில் 1,200 மீட்டர் ஓடும் குதிரை கிட்டத்தட்ட முழு ஓட்டத்தையும் விரட்டித்தான் ஓடும். அங்கே ஒரு வினாடிக்கு அர்த்தம் உண்டு. ஸ்டேயர்ஸ் ஹர்டில் ஏறக்குறைய மூன்று மைல், அதாவது 4.8 கிலோமீட்டர், பன்னிரண்டு ஹர்டில்கள் (தாண்ட வேண்டிய தடைகள்). மேடும் பள்ளமுமான தரை, மழை பெய்தால் சேறு. போதாததற்கு, முதல் பாதியில் ஜாக்கிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போவார்கள். மொத்த நேரம் அன்றைக்கு அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதைச் சொல்லும், குதிரையின் தரத்தைச் சொல்லாது.

‘தூரம் தாங்கும்’ என்பது பரீட்சைக்கு ஹால் டிக்கெட் மாதிரி. அது இல்லாமல் உள்ளே போக முடியாது, ஆனால் அதைப் பார்த்து யார் முதல் ரேங்க் என்று சொல்லிவிடவும் முடியாது. நான் கேட்கும் கேள்வி வேறு: நாலு கிலோமீட்டர் ஓடி முடித்த பிறகு, மிச்சமிருக்கும் தூரத்தில் எந்தக் குதிரையால் வேகம் கூட்ட முடியும்?

ஏன் அந்தக் கேள்வி என்பதற்குக் காரணம் டிராக்கில் இருக்கிறது. செல்ட்னத்தில் பழைய டிராக், புதிய டிராக் என்று இரண்டு உண்டு. இந்த ரேஸ் புதிய டிராக்கில் நடப்பது. அதில் கடைசி ஒரு கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தில் இரண்டே ஹர்டில்கள்தான். மலைச்சரிவில் இறங்கி, திரும்பி, கடைசி ஹர்டிலைத் தாண்டினால் முடிவுக் கம்பம் வரை ஏற்றம். தாவுவதில் கெட்டிக்காரத்தனம் அந்த இடத்தில் அதிகம் செல்லுபடியாகாது. கால் பலமும் நுரையீரலும்தான் பேசும்.

ஒரே குதிரை, ஒரே டிராக், ஏறத்தாழ ஒரே தூரம், இரண்டே மாத இடைவெளி. 2022-இன் இரண்டு ஓட்டங்களைப் போட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

ஜனவரியில் க்ளீவ் ஹர்டில். ஓட்டம் தொடங்க நாடா விடுபடும் நேரத்தில் பெய்ஸ்லி பார்க் என்ற குதிரை உடம்பைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டது. மற்றவை கிளம்பி ஏறக்குறைய பதினைந்து குதிரை நீளம் போன பிறகுதான் அது ஓடவே ஆரம்பித்தது. ரேஸ் போனது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் கடைசி ஏற்றத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்து வந்து ஜெயித்தது. அதன் வழக்கமே அப்படி. மேட்டின் உச்சியில் ஜாக்கி தள்ளித் தள்ளி ஓட்டுவார், குதிரை பின்தங்கும், பிறகு எங்கிருந்தோ மூச்சு வரும். (அதன் உரிமையாளர் ஆண்ட்ரூ கெம்மெல் பிறவியிலேயே பார்வையற்றவர். வர்ணனையைக் காதால் கேட்டே ரேஸை ரசிப்பவர். அப்படி ஓடும் குதிரையை வைத்துக்கொண்டு வர்ணனை கேட்க நெஞ்சு திடமாக இருக்க வேண்டும்.)

மார்ச்சில் ஸ்டேயர்ஸ் ஹர்டில். இப்போது எதிரில் ஃப்ளோரிங் போர்ட்டர். முன்னால் போய்த்தான் ஓடும் குதிரை அது. ஜாக்கி டேனி மலின்ஸ் அதை முன்னால் விட்டு, நடுவில் வேகத்தைக் குறைத்து மூச்சு வாங்க வைத்து, சரியான இடத்தில் கூட்டினார். முன்னால் போகிறவன் களைத்திருந்தால்தான் பெய்ஸ்லி பார்க்கின் கடைசி ஓட்டம் பலிக்கும். அன்றைக்கு முன்னால் போனவன் களைக்கவே இல்லை. ஃப்ளோரிங் போர்ட்டர் தொடர்ந்து இரண்டாவது வருஷமாக ஜெயித்தது, தைம் ஹில் இரண்டாவது, பெய்ஸ்லி பார்க் மூன்றாவது. தூரம் தாங்குவதில் பெய்ஸ்லி பார்க்குக்குக் குறை ஒன்றுமில்லை. ரேஸ் நடந்த விதம்தான் அதற்குச் சாதகமாக இல்லை.

ஆகவே பேப்பரை எடுத்ததும் நான் முதலில் தேடுவது ஃபேவரிட்டை (எல்லோரும் அதிகம் பணம் கட்டும் குதிரையை) அல்ல, முன்னால் இழுத்துப் போகும் குதிரைகளை. ஒன்றே ஒன்று இருந்து, அதற்குத் தொந்தரவு கொடுக்க ஆளில்லை என்றால், அதை இரண்டு படி மேலே ஏற்றுவேன். இரண்டு மூன்று இருந்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று தோன்றினால், பின்னாலிருந்து வரும் இரும்பு நெஞ்சுக்காரர்களைப் பார்ப்பேன். அப்படி ஒன்றுகூட இல்லையென்றால் ஓட்டம் மெதுவாகத்தான் போகும், அப்போது இரண்டரை மைலில் பெயர் வாங்கிய வேகக் குதிரைக்கு வேட்டை.

இந்தக் கடைசி வகையைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 2017-இல் ஜெயித்த நிக்கோல்ஸ் கேன்யன், 2015-இல் அதைவிடக் குறைந்த தூரத்தில் சாம்பியன் குதிரையான ஃபாஹீனையே தோற்கடித்திருந்த குதிரை. 2025-இல் ஜெயித்த பாப் ஒலிங்கரும் ஏறக்குறைய இந்த ஜாதிதான். ‘மூன்று மைல் தாங்குமா?’ என்ற சந்தேகம் அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. வயதும் பத்து. அதனால்தான் ஒன்றுக்கு எட்டு (ஒரு பவுண்டு கட்டினால் எட்டு பவுண்டு லாபம்) கிடைத்தது. ஃபேவரிட் டீயஹுபூ தூரத்தில் சந்தேகமே இல்லாத குதிரை, முந்தைய ஆண்டின் சாம்பியன், கடைசி வரை போராடவும் செய்தது. ஆனால் முடிவில் வேகம் இருந்தது பாப் ஒலிங்கரிடம். ஓட்டியவர் ரேச்சல் பிளாக்மோர். இரண்டு மாதம் கழித்து ஓய்வை அறிவித்துவிட்டார்.

ஃபார்ம் வரிசையில், அதாவது குதிரை முந்தைய ஓட்டங்களில் எத்தனாவதாக வந்தது என்ற எண் வரிசையில், எல்லா ‘1’-க்கும் ஒரே மதிப்பு கிடையாது. டிசம்பரில் ஆஸ்காட்டில் லாங் வாக் ஹர்டில், ஜனவரியில் செல்ட்னத்திலேயே க்ளீவ், அயர்லாந்துப் பக்கம் லெப்பர்ட்ஸ்டவுனின் கிறிஸ்துமஸ் ஹர்டில். முக்கியமானவை இவை. முதல் இரண்டையும் ஜெயித்துவிட்டு வந்த திஸ்ல்கிராக் 2016-இலும், பெய்ஸ்லி பார்க் 2019-இலும் பட்டம் வாங்கின. அதே இரண்டையும் ஜெயித்து வந்த அன்னோவாட்ஐமீன்ஹாரி 2017-இல் மூன்றாவதுதான். க்ளீவ் எனக்குப் பிடித்த அளவுகோல், அதே டிராக் என்பதால். ஆனால் அதில் ஜெயித்ததை மட்டும் பார்க்காதீர்கள். 2020 க்ளீவில் பெய்ஸ்லி பார்க்குக்குப் பின்னால் மூன்றாவதாக வந்தது லிஸ்னகர் ஆஸ்கர். மார்ச்சில் அதற்கு ஒன்றுக்கு ஐம்பது கொடுத்தார்கள், அது ஜெயித்தது.

அன்றைக்கு ஃபேவரிட் பெய்ஸ்லி பார்க், ஆறு வைத்தால் நாலுதான் கிடைக்கும் என்ற அளவுக்கு நம்பிக்கை. வந்தது ஏழாவது. பிறகு பரிசோதித்ததில் இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது தெரிந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தோற்ற குதிரைக்கு எல்லா ட்ரெய்னரும் ஒரு காரணம் வைத்திருப்பார். தரை சரியில்லை, இடைஞ்சல் பண்ணினார்கள் என்பதையெல்லாம் பாதிக்குப் பாதி கழித்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவர் கண்டுபிடித்த காரணம் வேறு வகை. அதே ஆண்டு டிசம்பரில் பெய்ஸ்லி பார்க் ஆஸ்காட்டுக்குத் திரும்பி வந்து லாங் வாக்கை ஜெயித்தது.

இன்னொன்று, இடைவெளி. நீண்ட நாள் ஓடாத குதிரை என்றால் நமக்குச் சந்தேகம் வரும். இந்த ரேஸில் அப்படிப் பார்த்தால் ஏமாறுவோம். 2018-இல் பென்ஹில் அந்த சீசனில் ஒரு ஓட்டம்கூட ஓடாமல் வந்து ஜெயித்தது. டீயஹுபூ 2023-இல் ஜனவரியில் அயர்லாந்தின் கௌரன் பார்க் மைதானத்தில் ஓடிவிட்டு வந்து செல்ட்னத்தில் தோற்றது. மறு ஆண்டு ட்ரெய்னர் கோர்டன் எலியட் டிசம்பரோடு நிறுத்தி, களைப்பில்லாமல் நேரே கூட்டி வந்தார், ஜெயித்தது. இடைவெளி எவ்வளவு என்பதைவிட, அந்தக் குதிரை முன்பு இடைவெளிக்குப் பிறகு எப்படி ஓடியிருக்கிறது என்பதைத் தேடிப் பாருங்கள்.

எடை விஷயத்தில் அதிகம் மூளையைக் கசக்க வேண்டாம். ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவை எல்லாம் 11 ஸ்டோன் 10 பவுண்டு, சுமார் 74 கிலோ சுமக்கும். பெண் குதிரைக்கு மட்டும் 7 பவுண்டு சலுகை. மூன்று மைலில் ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய ஒரு நீளம் என்று வழக்கமாகக் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கில் நல்ல பெண் குதிரை ஒன்று களத்தில் இருந்தால் அதை இரண்டாவது முறை பார்க்கத்தான் வேண்டும்.

கடைசியாக, தரை. உங்கள் நண்பர்கள் செவ்வாய், புதன் ரேஸ்களைப் பார்த்துவிட்டுத் தரை இப்படி இருக்கிறது என்று அடித்துச் சொல்வார்கள். அந்த இரண்டு நாளும் பழைய டிராக்கில் ஓடுகிறார்கள். வியாழனன்றுதான் புதிய டிராக்கின் புல்லில் குளம்பு படும். டீயஹுபூ மாதிரி ஈரத்தை விரும்பும் குதிரைக்கும், காய்ந்த தரையில் பறக்கும் குதிரைக்கும் அன்றைக்கு விடியும்வரை ஒரு முடிவு சொல்லாமல் இருப்பதே நல்லது. அன்றைய முதல் இரண்டு ரேஸ்களில் முன்னால் போனவை தாக்குப்பிடிக்கின்றனவா, கடைசி ஏற்றத்தில் எல்லாமே நடை தளர்ந்து வருகின்றனவா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு ஆபீஸ் பூலில் உங்கள் சீட்டை எழுதிக் கொடுங்கள்.