சொட்டும் எண்ணெய்க்கு மூலம் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பழைய ஒற்றை சிலிண்டர் வண்டியில் இன்ஜின் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. எல்லா பேக்கிங்கையும் (இணைப்புகளின் நடுவே கசிவைத் தடுக்கும் அட்டை) ஒரேயடியாக மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கசியும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறு. இன்ஜினின் உச்சியில் உள்ள டாப்பெட் கவரில் கசிந்த எண்ணெய், சூட்டைத் தணிக்கும் ஃபின்கள் வழியே இறங்கி, எதிர்க்காற்றில் பின்பக்கம் பரவி, கடைசியில், அடியில் எண்ணெயை வடிக்க இருக்கும் ட்ரெயின் போல்ட்டின் நுனியில் வந்து தொங்கும். அதைப் பார்த்துவிட்டு ட்ரெயின் போல்ட்டை இறுக்கி இறுக்கி அலுமினிய மரையைக் கெடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

இன்ஜின் ஆறிய பிறகு மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு மூலைமுடுக்கெல்லாம் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் டால்கம் பவுடரைத் தூவுங்கள். கார்புரேட்டர் வாய்க்குள் போய்விடக் கூடாது. காற்றில் குளிரும் இன்ஜினை நின்ற இடத்திலேயே வெகுநேரம் ஓடவிட்டால் சூடேறிவிடும். எனவே மூன்று நான்கு நிமிடம் ஐட்லிங்கில் விட்டுவிட்டு, பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி வாருங்கள். நனைந்த பவுடர் கறுத்துக் கோடு போட்டிருக்கும். அதில் எது எல்லாவற்றுக்கும் மேலேயும் முன்னேயும் இருக்கிறதோ அதுதான் மூலம். அதை மட்டும் சரிசெய்து, மறுபடி கழுவி, மறுபடி பவுடர் போட்டுப் பாருங்கள். மற்ற ‘கசிவு’களில் பாதி காணாமல் போயிருக்கும்.

முகர்ந்து பார்ப்பதும் உதவும். கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். பெட்ரோல் வாடையோடு இன்ஜின் ஆயிலின் மட்டமும் ஏறியிருந்தால், கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் நீடில் ஒழுகுகிறது. முதலில் அதைப் பார்த்து ஆயிலையும் மாற்றுங்கள்.

கேள்வி: டாப்பெட் கவர் பேக்கிங்கை மூன்று முறை மாற்றியாயிற்று. சில நாளில் மறுபடி கசிகிறது. இப்போது புஷ்ராட் பக்கமும் ஈரம் தெரிகிறது.

பதில்: இரண்டு மூன்று இடத்தில் ஒரே சமயத்தில் கசிந்தால் பேக்கிங்கைக் குறைசொல்லிப் பயனில்லை. உள்ளே காற்றழுத்தம் ஏறுகிறது. 350 சி.சி. ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் கீழே வரும் ஒவ்வொரு தடவையும் கிராங்க் கேஸில் (இன்ஜினின் அடிப்பெட்டி) அத்தனை காற்றையும் அழுத்துகிறது, 3000 ஆர்.பி.எம்.மில் வினாடிக்கு 50 தடவை. அது வெளியேற வேண்டிய வழி ப்ரீதர். வெளியே விட்டு, உள்ளே இழுக்காத ஒருவழி வால்வு அதில் இருக்கும். பழைய புல்லட்டில் வாத்து அலகு மாதிரியான ரப்பர் துண்டு. ரப்பர் விறைத்துப் போனாலோ, குழாய் மடங்கினாலோ, வாயில் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அடைத்தாலோ, அழுத்தம் இருப்பதிலேயே பலவீனமான இணைப்பைத் தேடிப் போகும். அதை நீங்கள் அடைத்தால் அடுத்ததைத் தேடும்.

ஐட்லிங்கில் ப்ரீதர் குழாயின் நுனியில் விரலை வைத்துப் பாருங்கள். ‘புஸ் புஸ்’ என்று வெளியே தள்ள வேண்டும். தள்ளும் அதே வேகத்தில் விரலை உள்ளேயும் இழுத்தால் வால்வு போய்விட்டது. வால்வு நன்றாக இருந்தும் புகையோடு பலமாகத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள்.

அதன் பிறகுதான் கவர். பழைய பேக்கிங்கைப் பித்தளை அல்லது பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் விழும் ஒரு கீறலே நிரந்தரக் கசிவாகிவிடும். தடித்த கண்ணாடிமேல் 400 நம்பர் எமரி பேப்பரை விரித்து, சில சொட்டு எண்ணெய் விட்டு, கவரை எட்டுப் போடுவது போலத் தேயுங்கள். பளபளப்பு ஏறாத இடம் பள்ளம். பிறகு வெறும் கண்ணாடியில் வைத்து, 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) எங்கேயும் நுழையாத வரை தொடருங்கள். அதிகமாக முறுக்கிய போல்ட் ஓட்டைகளைச் சுற்றி உலோகம் மேடிட்டிருக்கும். அதையும் லேசாக எடுத்துவிடுங்கள். கழுவி எமரித் தூளைப் போக்கி, போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். ஒருமுறை சூடாகி ஆறிய பின் மறுபடி சரிபாருங்கள்.

சிலிக்கான் பசையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பேக்கிங்கே இல்லாத கிராங்க் கேஸ் இணைப்பில் இறுகிப்போகாத சீலன்ட்டைப் படலமாகத் தடவினால் போதும். சிலிக்கானை அள்ளிப் பூசினால், வெளியே பிதுங்கும் அளவு உள்ளேயும் பிதுங்கும். அது பிய்ந்து போய் ஆயில் வழியை அடைத்தால், கசிவை நிறுத்தப் போய் இன்ஜினை நிறுத்தியதாகிவிடும்.

கேள்வி: ஆயில் டேங்க் தனியாக உள்ள வண்டி. ஒரு மாதம் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒரே புகை, ப்ரீதரிலிருந்து எண்ணெய் கொட்டுகிறது. டேங்கிலோ ஆயில் குறைவாகக் காட்டுகிறது.

பதில்: எங்கேயும் ஓட்டை இல்லை. டேங்க் உயரத்தில் இருப்பதால், ஆயில் பம்பின் இடைவெளி வழியாகவோ சரியாக உட்காராத குண்டு வால்வு வழியாகவோ எண்ணெய் கீழே இறங்கிவிட்டது. டேங்கில் மட்டம் குறைந்ததே என்று ஊற்றிவிடாதீர்கள். கிராங்க் கேஸின் அடி பிளக்கைக் கழற்றி, வருவதைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து டேங்கிலேயே ஊற்றி, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். சில நிமிடம் ஓடிய பின் பார்ப்பதுதான் உண்மையான மட்டம். மாதக்கணக்கில் நின்றால் இறங்குவது சகஜம். ஒரே ராத்திரியில் இறங்கினால் குண்டையும் அது உட்காரும் இடத்தையும் பம்பையும் பாருங்கள். ஆயில் குழாயில் திறந்து மூடும் அடைப்பான் போடும் யோசனை ஆபத்தானது. திறக்க மறந்து ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் ஜாம்.

கேள்வி: கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் புது ஆயில் சீல் போட்டும் ஒழுகுகிறது.

பதில்: ஷாஃப்ட்டில் சீலின் ரப்பர் உதடு உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. இடம் இருந்தால் சீலை ஒரு மி.மீ. தள்ளிப் பொருத்தினால் உதடு புதிய பாதையில் உட்காரும். இல்லையேல் அங்கே மெல்லிய ஸ்லீவ் போட வேண்டும். ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிற்று. எத்தனை சீல் போட்டாலும் நிற்காது.

பொருத்தும்போது ஸ்ப்ரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்திருக்கட்டும். ஷாஃப்ட்டின் பல்லும் மரையும் உதட்டைக் கிழிக்காமல் இருக்க அவற்றின்மேல் ஒட்டும் டேப் சுற்றுங்கள். உதட்டில் கிரீஸ் தடவி, சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் சாக்கெட்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குங்கள்.

கேள்வி: டூ ஸ்ட்ரோக் வண்டி. வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லை, ஆனால் கியர் ஆயில் குறைகிறது, வெள்ளைப் புகை வருகிறது.

பதில்: க்ளட்ச் பக்கத்து கிராங்க் சீல் கிழிந்திருக்கும். இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. அதைத் திறக்கும்போதே மேக்னெட் பக்கத்து சீலையும் மாற்றிவிடுங்கள். அந்தப் பக்கம் போனால் காற்றை இழுத்து, ஐட்லிங் தானாக ஏறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: ட்ரெயின் போல்ட்டின் செம்பு வாஷரைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம். ஒருமுறை இறுக்கியதும் செம்பு விறைத்துவிடும். மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி, தண்ணீரில் போட்டு, கரியைத் துடைத்தால் பழையபடி மெத்தென்று ஆகும். ஃபைபர் வாஷர் என்றால் புதிதுதான்.

கேள்வி: கெட்டியான ஆயில் ஊற்றினால் கசிவு நிற்குமா?

பதில்: குறையும், நிற்காது. குளிர்ந்த இன்ஜினில் அது மேலே, வால்வுகளை அசைக்கும் ராக்கர் வரை போய்ச் சேரத் தாமதமாகும். அங்கே தேய்மானம் கூடும். வண்டிக்குச் சொன்ன கிரேடையே ஊற்றுங்கள். சின்னக் கசிவோடு மட்டம் பார்த்து ஓட்டலாம். எண்ணெய் பின் டயரையோ பிரேக்கையோ தொடுகிறது என்றால் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.